யாரோ கூட்டிவிட்டுப் போன வீடு

ஜேர்மனிக்கு வந்த மூன்றாவது வாரம் எங்கள் தெருவோரத்தில் ஒரு சோபா நிற்பதைக் கண்டேன். மூன்று பேர் இருக்கக்கூடிய பச்சை நிறச் சோபா. பக்கத்தில் நாலு கதிரை, ஒரு நிலை விளக்கு, கண்ணாடி உடையாத அலுமாரி, ஒரு குழந்தைக் கட்டில். ஒரு வீட்டுக்குள் எப்படி இருக்குமோ அதே ஒழுங்கில் எல்லாம் நடைபாதையில் இருந்தன. ஆட்களை மட்டும் காணவில்லை. "இந்த ஊட்டு ஆக்கள் எங்க போயிட்டாங்க?" என்று என் கணவர் பாலனின் கையைப் பிடித்துக் கேட்டேன். அவர் சிரித்தார். "எங்கயும் போகல்ல. மேல ரெண்டாம் மாடியிலதான் இரிக்காங்க. புதுசு வாங்கியிருப்பாங்க, பழசக் குப்பைக்கு வெச்சிரிக்காங்க." நான் அண்ணாந்து பார்த்தேன். இரண்டாம் மாடி யன்னலில் ஒரு கிழவர் நின்று பூச்சாடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவருடைய வீட்டுச் சாமான் தெருவில் கிடக்க, அவர் பாட்டுக்குப் பூவுக்குத் தண்ணீர் ஊற்றுகிறாரே என்று எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது.

இதற்கு ஷ்பேர்முல் என்று பெயர். நகரசபைக்குச் சொல்லிவைத்தால் பெரிய வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகும். வண்டி வருவதற்கு முன்னால் எங்களைப் போன்றவர்கள் வருவோம். இந்த டோட்முண்ட் நகரத்துக்கு அந்தக் காலத்தில் வந்து சேர்ந்த எத்தனையோ தமிழ்க் குடும்பங்களின் முதல் கட்டில், முதல் மேசை, முதல் தொலைக்காட்சிப் பெட்டி எல்லாம் தெருவோரத்தில் பொறுக்கியவைதான். அந்தப் பச்சைச் சோபாவையும் பாலனும் அவருடைய கூட்டாளி ஒருவரும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதில்தான் என் மகள் மதுரா தவழ்ந்தாள், எழுந்து நின்றாள், பள்ளிக்கூடத்துப் பாடங்களைப் படித்தாள். ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் எனக்கு வேலை கிடைத்த பிறகு புதிய சாமான்களும் வாங்கினோம். ஆனால் பழையதை நான் வெளியில் விடவில்லை. கைப்பிடி போன சட்டி, வேலை செய்யாத சுவர்க் கடிகாரம், உள்ளே ஒன்றுமில்லாத பிஸ்கட் டின், யாரோ வீடு மாறும்போது தந்த தேநீர்க் கோப்பைகள். பாலன் எப்போதாவது ஒன்றை எறியப் போனால் நான் முன்னுக்குப் போய் நின்றுகொள்வேன். அவர் ஏன் என்று கேட்டதில்லை. ஊரிலிருந்து ஓடிவந்த பெண்ணுக்கு அப்படித்தான் இருக்கும் என்று அவர் நினைத்திருக்கக்கூடும். அது பாதி உண்மை.

மதுராவுக்குப் பதினெட்டு வயதானபோது உள்ளக அலங்காரம் படிக்கப் போனாள். முதல் வருடத்திலேயே அவளுக்கு ஒரு செயற்திட்டம் கொடுத்தார்கள். ஆட்கள் வாழும் ஒரு அறையை எடுத்து அதை வேறொரு முறைக்கு மாற்றவேண்டும். ஆசிரியை நேரில் வந்து பார்த்துப் புள்ளி போடுவார்.

"அம்மா, எங்கட வோன்சிமரத்தான் செய்யப்போறன். யப்பான் முறையில."

வோன்சிமர் என்றால் வரவேற்பறை. "யப்பான் முறையில என்னென்ன வைக்கிற?" என்று கேட்டேன்.

"வைக்கிறது இல்லம்மா. எடுக்கிறது."

அவள் ஒரு புத்தகத்தை விரித்துக் காட்டினாள். ஒரு அறை. தரையில் பாய். முழங்கால் உயரத்தில் ஒரு மேசை. ஒரு மூலையில் கடதாசி விளக்கு, இன்னொரு மூலையில் சாடிக்குள் ஒரேயொரு கிளை. மற்றதெல்லாம் சுவர். ரெண்டு சாமானுக்கு நடுவில இருக்கிற இடம்தான் முக்கியம், அந்த இடைவெளிக்கு யப்பான்காரர் 'மா' எண்டு சொல்லுவாங்க என்று அவள் விளங்கப்படுத்தினாள். "மா எண்டால் எனக்கு இடியப்பத்துக்குக் குழைக்கிற மாதான் தெரியும்" என்றார் பாலன். மூவரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே நான் அந்தப் படத்தைத் தள்ளிவைத்தேன். அதைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

அந்த மாதங்களில்தான் ஊரில் மறுபடியும் ஷெல் விழத் தொடங்கியிருந்தது. மட்டக்களப்பு வாவியைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வாவிக்குக் கிழக்கே, கடலோரம் நீண்டு கிடக்கும் நிலம் எழுவான்கரை. சூரியன் எழும் கரை. மேற்கே, வயலும் காடுமாக விரிந்து கிடப்பது படுவான்கரை. எங்கள் வீடு படுவான்கரையில், வாவியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. அப்பா செத்த பிறகு அம்மாவும், என் தங்கச்சி கமலாவும், அவளுடைய கணவர் யோகனும் அங்கேதான் இருந்தார்கள். கரடியனாற்றுப் பக்கம் சனம் வீடுவாசலை விட்டு எழும்பிவிட்டது என்று முதலில் கேள்விப்பட்டோம். பிறகு எங்கள் ஊரும் எழும்பியது. அம்மாவையும் கூட்டிக்கொண்டு எழுவான்கரைக்கு வந்து ஒரு பள்ளிக்கூட வளவில் கூடாரத்தில் இருப்பதாகக் கமலா சொன்னாள். "உடுத்த உடுப்போட வந்தனாங்க அக்கா. ஒண்டும் எடுக்கல்ல" என்றாள். இங்கே மதுரா அளவுநாடாவால் சுவரை அளந்துகொண்டிருந்தாள்.

நான் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பிள்ளையின் படிப்பு. கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். ஒரு சாமானும் தெருவுக்குப் போகாது, எல்லாம் நிலவறைக்குப் போகும். மூன்று நாட்கள் பாலனும் மதுராவும் படிகளில் ஏறி இறங்கினார்கள். சோபா போனது. கண்ணாடி அலுமாரி போனது. கல்யாண அல்பம், பிளாஸ்டிக் பூக்கள், மதுரா சின்ன வயதில் செய்த களிமண் யானை எல்லாம் பெட்டிகளுக்குள் போயின. சாமிப் படங்களை என் படுக்கையறைக்கு மாற்றினாள். அவை தொங்கிய இடங்களில் வெள்ளைச் சதுரங்கள் தெரிந்தன. அவற்றின் மேல் ஈரமண் நிறத்தில் தீந்தை பூசினாள். எங்கோ பழையது விற்கும் இடத்தில் யப்பான் பாய்கள் நாலு வாங்கிவந்து தரையில் விரித்தாள். அவை நம் பாய் போல மெல்லியவையல்ல. மெத்தை மாதிரித் தடித்தவை. ஆனால் மேலே புல்லால் பின்னியிருந்தார்கள். அன்று பின்னேரம் நான் வேலையால் வந்து கதவைத் திறந்தபோது அந்தப் புல்லின் மணம் முகத்தில் அடித்தது. காத்தான்குடியில் வாங்கிவரும் புதுப் பன்பாயின் மணம் அப்படியே. மதுரா உள்ளே நின்று, "பாருங்கோ அம்மா" என்றாள். நான் வாசலோடு நின்றுவிட்டேன். காலைத் தூக்கி வைக்க முடியவில்லை. தலையிடி என்று பொய் சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனேன்.

அவளுக்குச் சொல்லாத கதை இது. பாலனுக்கும் சொல்லவில்லை.

எனக்கு ஒரு அண்ணன் இருந்தார். எங்கள் ஊர்ச் சின்னப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார். ஊர் முழுக்க அவரை மாஸ்டர் என்று கூப்பிடும். அம்மாவும்கூட அவருக்குக் கேட்கும்படி பகிடியாக "மாஸ்டருக்குச் சோறு போடு" என்பார். ஒல்லியான ஆள். உரத்துப் பேசத் தெரியாது. பிள்ளைகளை அடிக்கவும் தெரியாது. ஆனால் துப்புரவில் மட்டும் பிடிவாதம். பள்ளிக்கூடத்துக்குப் போகுமுன் வீட்டையும் வளவையும் தானே கூட்டிவிட்டுத்தான் போவார். ஆம்பிள வெளக்குமாறு பிடிக்கிறதா என்று அயலில் சிரிப்பார்கள். அவர் அதைக் காதில் வாங்கமாட்டார். படை வந்த அந்த வருடம் எனக்கும் ஜேர்மனியில் இருந்த பாலனுக்கும் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். எனக்கு இருபத்தொரு வயது. அண்ணன் தன் சம்பளத்தில் சேர்த்து எனக்கு ஒரு தையல் மெசின் வாங்கித் தந்திருந்தார். கறுப்பு நிறத்தில் தங்கப் பூ வரைந்த மெசின். கல்யாணத்துக்கு வேண்டிய சட்டைகளை எல்லாம் நானே தைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் விடியற்புறம் படை வருகிறது என்று சத்தம் கேட்டது. வாவிக்கரைக்கு ஓடினோம். கிடைத்த தோணியில் ஏறி எழுவான்கரைக்கு வந்து களுதாவளையில் அப்பாவின் ஒன்றுவிட்ட தங்கச்சி வீட்டில் தங்கினோம். ஒரு அறையில் ஏழு பேர். மூன்று நாள் போனது. சத்தம் ஓய்ந்தது போல இருந்தது. சிலர் போய் மாட்டை அவிழ்த்து விட்டு வந்தார்கள், சிலர் நெல் கொண்டுவந்தார்கள். அன்று பின்னேரம் நான் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் தண்ணீர் அள்ளித் தந்தார். என்னவோ நினைத்து நான் அழத் தொடங்கிவிட்டேன்.

"என்னத்துக்குகா அழுறாய்?"

"என்ட மெசின்" என்றேன். "பாதித் தைச்சபடி துணியும் அதிலயே கிடக்கு. அவங்க தூக்கிட்டுப் போயிருவாங்க."

"மெசின் போனா இன்னொண்டு வாங்கலாம்."

"நீங்க எங்கால வாங்குற? இத வாங்கவே ரெண்டு வரிசம் செண்டது."

அவர் வாளியைக் கீழே வைத்தார். "அழாதகா. நாளைக்கு விடியப் போய் எடுத்துட்டு வாறன்" என்றார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு சிரித்தேன். "துணியையும் மறக்காம எடுங்க" என்று வேறு சொன்னேன். மறுநாள் விடிய அம்மா கேட்டபோது அண்ணன் பள்ளிக்கூட அலுவலாகப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் தோணி ஏறினார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவர் போய் இறங்கியதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பியதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு கண்டவர்கள் இல்லை.

மதுராவின் ஆசிரியை ஃபிரௌ லிண்ட்னர் ஒரு புதன்கிழமை பகல் வந்தார். அறுபது வயதிருக்கும். நரைத்த தலை, கழுத்தில் ஒரு மரமணி. சப்பாத்தை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தது எனக்குப் பிடித்தது. அவர் அறைக்குள் மெல்ல நடந்தார், பாயில் முழங்காலிட்டு இருந்து பார்த்தார், விளக்கைத் தொட்டுப் பார்த்தார். நான் தேநீர்த் தட்டோடு வாசலில் நின்றேன். மதுராவிடம் நிறையச் சொன்னார். எல்லாம் எனக்குப் பிடிபடவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, கையை விரித்து அறையைக் காட்டி, இந்த அறைக்கு வேண்டியதெல்லாம் ஒரு லேர என்று சொன்னார்.

ஜேர்மன் மொழியில் லேர என்றால் வெறுமை. லேரர் என்றால் ஆசிரியர். எழுதினால் இரண்டும் வேறு. பேசும்போது அவர்கள் கடைசி எழுத்தை விழுங்கிவிடுவார்கள். இருபது வருடம் கேட்டும் என் காதுக்கு இரண்டும் ஒன்றுதான். இந்த அறைக்கு வேண்டியது ஒரு ஆசிரியர் என்று அந்த மனுஷி சொன்னதாகத்தான் எனக்குக் கேட்டது.

"என்னுடைய அண்ணன் லேரர்" என்றேன்.

ஃபிரௌ லிண்ட்னர் புருவத்தைச் சுருக்கினார். பிறகு ஏதோ விளங்கியவராக முகம் மலர்ந்தார். எங்கள் வீட்டுக்கு ஒரு மாமன் வரப்போகிறார், அவருக்காகத்தான் இந்த அறை என்று அவர் எடுத்துக்கொண்டார். "ஆ, எவ்வளவு நல்லது! எப்போது வருகிறார்?"

மதுரா சட்டென்று என்னைப் பார்த்தாள். தனக்கு ஒரு மாமா காணாமற் போனவர் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் நானே பதில் சொல்லிவிட்டேன்.

"தெரியாது" என்றேன். "இன்னும் தெரியாது."

அந்தப் பெண்மணி தலையாட்டி, தேநீரை வாங்கிக்கொண்டார். விசாவில் ஏதோ சிக்கல் என்று நினைத்திருப்பார். போகும்போது என் தோளைத் தட்டி, "வருவார், வருவார்" என்றார்.

அவர் போன பிறகு நான் அறைக்குள் காலை வைத்தேன். ஏன் என்று தெரியவில்லை. போய் நடுவில் நின்றேன். அண்ணன் தோணி ஏறி இரண்டு மாதத்துக்குப் பிறகு நாங்கள் ஊருக்குத் திரும்பிய நாள் என் முன்னால் வந்து நின்றது. அன்று எங்கள் வீட்டில் கதவு இல்லை, யன்னல் இல்லை. மேலே பார்த்தால் வானம் தெரிந்தது, கூரை ஓடுகளைக் கழற்றியிருந்தார்கள். கட்டில், அலுமாரி, அண்டா, உரல், கிணற்றுக் கப்பி எல்லாம் போயிருந்தன. மெசினும் இல்லை. அயலில் எல்லா வீடும் அப்படித்தான் கிடந்தது. அங்கே ஓட்டுத் துண்டும் சருகும் ஆட்டுப் புழுக்கையுமாக இருந்தது. எங்கள் வீடு மட்டும் கூட்டியிருந்தது. அறைக்குள் ஒரு சருகு இல்லை. முற்றத்து மணலில் விளக்குமாறு இழுத்த கோடுகள் பிறை பிறையாகப் படிந்திருந்தன. அதன் மேல் ஒரு காலடியும் இல்லை. முதல்நாள் மழை பெய்திருந்தது, ஆகவே கூட்டியது அதற்குப் பிறகு. அறை மூலையில் அண்ணனுடைய பாய் சுருட்டி நிமிர்த்தி வைத்திருந்தது.

அம்மா முற்றத்தில் கால் வைக்காமல் ஓரமாகச் சுற்றி உள்ளே போனார். "மாஸ்டர் இங்கதான் எங்கயோ இரிக்கான்" என்றார். அப்பா மெல்லச் சொன்னார், படை வந்து தங்கியிருக்கும், அவங்கதான் கூட்டியிருப்பாங்க என்று. அம்மா திரும்பி அவரைப் பார்த்த பார்வையில் அப்பா அதற்குப் பிறகு சாகும்வரை அந்தப் பேச்சை எடுக்கவில்லை. முகாம் முகாமாக அலைந்தோம். ஒரு இடத்திலும் பெயர் இல்லை. அம்மா மட்டும் அன்றிலிருந்து, வீடு கூட்டியவன் உயிரோடுதான் இருக்கவேண்டும் என்ற ஒரே கணக்கில் வாழ்ந்தார். எனக்கு அந்தத் துப்புரவு பயமாக இருந்தது. கொள்ளை போன வீடு கொள்ளை போன வீடு மாதிரி இருந்திருந்தால் நான் அழுது முடித்திருப்பேன்.

அப்படி நின்றுகொண்டிருந்தபோது கைத்தொலைபேசி ஒருமுறை அடித்து ஓய்ந்தது. கமலா தன் காசு போகாமல் அப்படித்தான் அடித்துவிட்டு வைப்பாள். நான் தொலைபேசி அட்டையின் இலக்கத்தைப் போட்டுத் திருப்பி எடுத்தேன்.

"அக்கா, இவர் நாளைக்கு அங்கால கரைக்குப் போகப்போறாராம்."

"ஆரு, யோகனா? என்னத்துக்கு?"

"மெசின எடுத்துட்டு வர."

"என்ன மெசின்?"

"தண்ணி மெசின்தான். வயலுக்கு இறைக்கிறது. கொட்டிலுக்குள்ள கிடக்காம். நாலு பேர் சேந்து தோணியில போறாங்களாம். போன கையோட வந்திருவாங்களாம்."

"போகவேணாம் எண்டு சொல்லு கமலா."

"சொன்னாக் கேக்கிற ஆளா? மெசின் இல்லாட்டி மறுகா எதால வேளாம செய்யிற எண்டு என்னயே கேக்கார். எனக்கும் அது சரிபோலத்தான் இரிக்கு. நீ அங்க இருந்துகொண்டு சொல்லுவாய். இஞ்ச எங்களுக்கு அது ஒண்டுதானே இரிக்கு."

அவள் சொன்னதில் பிழையில்லை. எனக்கு அவளிடம் சொல்ல வேறு நியாயம் ஒன்றும் இருக்கவில்லை. ஒரேயொரு சாட்சியம்தான் இருந்தது. இருபது வருடம் வாய்க்குள்ளேயே வைத்திருந்த சாட்சியம்.

"கமலா, அண்ணன் பள்ளிக்கூட அலுவலாப் போகல்ல."

"என்ன?"

"நான்தான் அனுப்பினன். என்ட தையல் மெசினுக்காக. கிணத்தடியில அழுதன். எடுத்துட்டு வாறன் எண்டு சொன்னார். போகாதங்க எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நிண்டிருப்பார். நான் சொல்லல்ல. துணியையும் எடுங்க எண்டு சொன்னனான்."

அந்தப் பக்கம் பள்ளிக்கூட வளவின் இரைச்சல் மட்டும் கேட்டது. யாரோ ஒரு பிள்ளை அழுதது.

"நீ என்னகா சொல்றாய்?" என்றாள் கமலா, மிகவும் மெல்ல.

"நீ யோகன விடாத. அவர் உன்ன ஏசினாலும் பரவாயில்ல, அடிச்சாலும் பரவாயில்ல. கால்ல விழுந்து பிடி. என்ன மாதிரி இராத."

தொடர்பு அறுந்தது. தானாக அறுந்ததோ, அவள் அறுத்தாளோ தெரியாது. திருப்பித் திருப்பி எடுத்தேன். எடுபடவில்லை. நான் அப்படியே பாயில் இருந்துவிட்டேன். மதுரா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அவள் வந்து பக்கத்தில் இருந்தாள்.

"அப்ப உங்களுக்கு எத்தின வயசு அம்மா?"

"இருபத்தொண்டு."

"என்னவிட மூண்டு வயசுதான் கூட" என்று சொல்லிவிட்டு என் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். அந்தப் பிள்ளைக்கு அவ்வளவு பெரிய கை எப்போது வந்தது என்று நினைத்தேன்.

ஐந்து நாட்கள் ஒரு செய்தியும் இல்லை. சலவைப் பகுதியில் விரிப்புகளை மடிக்கும்போது எண்ணிக்கை தவறிக்கொண்டே இருந்தது. பாலனிடமும் சொன்னேன். "நீ தைச்சது எங்கட கலியாணத்துக்குத்தானே" என்று மட்டும் சொன்னார். அதன் பாரத்தில் ஒரு பங்கு அவர் மேலும் இறங்கிவிட்டது எனக்குத் தெரிந்தது. இதற்குத்தானே சொல்லாமல் இருந்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறாம் நாள் கமலா அடித்துவிட்டு வைத்தாள். யோகன் போகவில்லை. அவள் அவருடைய சாரனைப் பிடித்துக்கொண்டு கூடார வாசலில் இருந்தாளாம். சனம் எல்லாம் பார்த்ததாம். அவர் வெட்கத்தில் கத்தினாராம், பிறகு இருந்துவிட்டாராம். மற்ற மூன்று பேரும் போனார்கள். இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். கமலா இதையெல்லாம் கடைச் சாமான் சொல்வது போல ஒரே குரலில் சொன்னாள். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில், "அம்மாக்கிட்டச் சொல்லிப்போட்டன். சொல்லாம இவரை மறிக்க ஏலாமப் போச்சு. அவ கதைக்கணுமாம்" என்றாள்.

நான் எழுந்து நின்றுகொண்டேன். அம்மாவின் மூச்சுச் சத்தம் கேட்டது.

"புள்ள."

"அம்மா."

"நீ கிணத்தடியில அழுதது எனக்கும் கேட்டதுதான்."

நான் தொலைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்தேன்.

"பள்ளிக்கூடமே பூட்டிக் கிடக்கு, அங்க அவனுக்கு என்ன அலுவல்? பொய் எண்டு எனக்குத் தெரியும். கலியாணப் புள்ள, மெசின் கையோட இரிந்தா நல்லம் எண்டு நானும் நினைச்சனான். நானும் மறிக்கல்ல." சிறிது நேரம் இருமினார். "இத்தின நாளா நீ தனிய வெச்சிரிந்தாய், நானும் தனிய வெச்சிரிந்தன்."

"அம்மா, என்ன மன்னிச்சிருங்க."

"அத விடு. ஒண்டு மட்டும் சொல்றன். நீங்க எல்லாரும் என்னவும் சொல்லுங்க. அண்டைக்கு ஊட்டக் கூட்டினவன் அவன்தான். அத மட்டும் ஆரும் மாத்திச் சொல்லப்படாது."

"ஓம் அம்மா. அவர்தான்" என்றேன். அதை நான் நம்பிச் சொன்னேனா என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குத் தெரியாது.

மதுராவுக்கு நல்ல புள்ளி கிடைத்தது. இனி எல்லாவற்றையும் மேலே ஏற்றலாம் என்று பாலன் ஒரு சனிக்கிழமை நிலவறையைத் திறக்கும் திறப்போடு வந்து நின்றார். நான் கீழே போய்ப் பார்த்தேன். பெட்டிகளுக்கு நடுவில் நின்று எதை முதலில் தூக்குவது என்று யோசித்தேன். ஒன்றையும் தூக்கத் தோன்றவில்லை. சாமிப் படம் ஒன்றை மட்டும் பழைய சுவரில் மாட்டினோம். வீட்டுக்கு வரும் தமிழ் ஆட்கள், என்ன சாமான் ஒன்றையும் காணவில்லை, வீடு மாறப் போகிறீர்களோ என்று கேட்பார்கள். பிள்ளையின் படிப்புக்காக என்று சொல்லிவிடுவேன். முன்னர் அந்த அறைக்குள் போக முடியாமல் இருந்தது. இப்போது போகாமல் இருக்க முடியவில்லை. காலையில் வேலைக்குப் போகுமுன் ஐந்து நிமிடம் போய் இருப்பேன். சில நாட்களில் மூலைப் பக்கம் பார்க்காமல் எழுந்து வந்துவிடுவேன். ஒருவர் இருக்கும் அறைக்குள் கேளாமல் நுழைந்துவிட்டது மாதிரி இருக்கும்.

பல மாதங்களுக்குப் பிறகு சனத்தை ஊருக்குப் போக விட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நான் அந்த அறையில் நின்று யன்னல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கமலா எடுத்தாள். அன்று அடித்துவிட்டு வைக்கவில்லை. தன் காசிலேயே பேசினாள்.

"அக்கா, வந்திட்டம். ஊட்டுக்குள்ளதான் நிண்டு கதைக்கிறன்."

"எப்பிடி இரிக்கு?"

"ஒண்டும் இல்ல. சுவர் மட்டும்தான் நிக்கு. கதைக்கக் கதைக்க என்ட சத்தமே எனக்குத் திரும்பி வருது. உனக்குக் கேக்குதா?"

கேட்டது. அவளுடைய ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை வந்தது. "அம்மாக்குக் கண்ணும் விளங்குதில்ல இப்ப. ஒருக்கா வந்து பாத்திட்டுப் போ. எப்பகா ஊட்ட வாறாய்?" என்று கேட்டாள்.

"ஊட்டதான் நிக்கிறன்" என்று வாய் சொல்லிவிட்டது.

நிக்கிறன், நிக்கிறன் என்று ஒரு எதிரொலி மட்டும் கேட்டுக்கொண்டு நின்றது. அது என்னைச் சுற்றியிருந்த சுவர்களில் பட்டு வந்ததா, வாவிக்கு அந்தப் பக்கத்துச் சுவர்களில் பட்டு வந்ததா என்று என்னால் பிரித்துக் கேட்க முடியவில்லை.